உருண்டை சிரிக்கவில்லை

குளத்தங்கரை மாமரத்தில் ஒரு குரங்கு இருந்தது. ஊரிலிருந்து வழிதவறி வந்த ஒரு கினிப் பன்றி, ஒருநாள் அந்த மரத்தடியில் வந்து நின்றது. பேரில்தான் பன்றி, உண்மையில் எலி இனம்; குட்டி உடம்பு, குட்டிக் கால், வால் கிடையாது.

"ஐயோ, என்ன அழகு! உனக்கு உருண்டை என்று பேர் வைக்கிறேன். இனி நான்தான் உன்னை வளர்ப்பேன்!" என்றது குரங்கு.

வளர்ப்பதென்றால் சாப்பாடு போட வேண்டுமே. பேரிலேயே பன்றி இருக்கிறது. பன்றி எதைத் தின்னும்? எதையும் தின்னும்! அவ்வளவுதான் குரங்கின் ஆராய்ச்சி. கோயில் வாசலில் பிடுங்கிய சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், பலாச்சுளை என்று கொண்டுவந்து குவித்தது.

"அண்ணே, இதெல்லாம் வேண்டாம். புல் இருந்தால் போதும்," என்றது உருண்டை.

"நம்ம வீட்டில் என்ன கூச்சம்? சாப்பிடு!"

"நிஜமாகவே வேண்டாம், அண்ணே!"

"அடடா, எவ்வளவு அடக்கம்! இன்னும் ரெண்டு சுளை வைத்துக்கொள்!"

பக்கத்தில் மேய்ந்த கழுதைக்குப் பொறுக்கவில்லை. "அடேய்! நான் ஊரில் பார்த்திருக்கிறேன். இதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை மென்றால்தான் தேயும். புல்லைப் போடு! கூடவே கொஞ்சம் கொத்தமல்லி, ஒரு கொய்யாத் துண்டு, போதும்!"

"விருந்தாளிக்குப் புல்லா? என் மானம் போய்விடும்! போஸ்டர் தின்கிற உனக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும்?"

கழுதை தினமும் சொன்னது. தினமும் இதே பதில். ஒரு மாதம்! எத்தனை தடவைதான் தொண்டை கிழியக் கத்துவது?

உருண்டைக்கு வயிறு உப்பியது. ஓட்டம் நின்றது. ஒருநாள் பொங்கலை முகர்ந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"கழுதை, ஓடி வா! உருண்டை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது!" என்று குரங்கு குதித்தது.

கழுதை வந்து பார்த்தது. "மடையா! இது சிரிப்பா? பல் வளர்ந்து வாயை மூட முடியவில்லை! நேற்றிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. இப்படியே விட்டால் செத்துப்போகும்!"

குரங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கழுதையின் முதுகில் ஏறியது. கழுதை ஒரே ஓட்டமாக வைத்தியர் கரடியிடம் போய் நின்றது. கரடி பல்லை நறுக்கி, ஒரு சீட்டில் மருந்து எழுதிக் கொடுத்தது.

"என்ன எழுதியிருக்கிறது? சீக்கிரம் படி!" என்று பதறியது குரங்கு.

கழுதை படித்தது. "புல்."

"வேறே?"

"வேறே ஒன்றும் இல்லை! நான் ஒரு மாதமாகக் கத்தியதுதான்!" என்று சொல்லிவிட்டு, வந்த கோபத்தில் அந்தச் சீட்டையே தின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து குரங்கே குனிந்து புல் பறித்தது. நாலைந்து நாளில் உருண்டை நறுக் நறுக்கென்று மெல்ல ஆரம்பித்தது. குரங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "முதலிலேயே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

உருண்டை மெல்லுவதை நிறுத்தியது. "தினமும் சொன்னேனே, அண்ணே! வேண்டாம், வேண்டாம் என்று!"

குரங்கு தன் காதைத் தானே திருகிக்கொண்டது.

நீதி: வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஊட்டிவிடப் பிரியம் மட்டும் போதாது, சொல்வதைக் காதில் வாங்கவும் வேண்டும்.