முனைத்தீவுக்கு வந்த தண்ணீர்

கதையைக் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

புயல் ஓய்ந்தும் முனைத்தீவில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. கடல் ஊருக்குள் புகுந்ததில் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. படகுகளும் உடைந்து கிடந்தன. பெரிய கரையிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் குடிதண்ணீர்.

ஆனால் தீவுக்காரி செலஸ்தீனா, கொண்டுவருகிறவர்கள் யாரையும் நம்புவதில்லை. புயலுக்குப் பிறகு முதன்முதலாக வந்த படகில் சில பெரிய மனிதர்கள் பொட்டலச் சோறு கொண்டுவந்தார்கள். கொடுத்தார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள், தாங்கள் ஒரு வாய்கூடத் தின்னாமல் போய்விட்டார்கள். அந்தச் சோற்றைத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டன. அவளுடைய மகள் பிழைத்ததே பெரும்பாடு.

அதனால்தான், அதே படகு ஒரு நண்பகலில் மறுபடி கரை தட்டியபோது, தண்ணீருக்கு ஓடிய பிள்ளைகளைக் கையை விரித்து மறித்தாள். படகு நிறையத் தண்ணீர் கேன்கள். நடுவில் இபுறாகிம் என்ற இளைஞன். மூடிகளில் சீல் இல்லை என்பதுதான் அவள் கண்ணில் முதலில் பட்டது.

"சீல் எங்கே தம்பி?"

"கம்பெனித் தண்ணி இல்லக்கா. எங்க தெருக் கிணத்துத் தண்ணி. பொம்பளைங்க கூடிக் காய்ச்சி, ஆறவெச்சு ஊத்திக் கொடுத்தாங்க."

படகோட்டி வில்லாயுதம் ஒரு தம்ளரில் ஊற்றி மடமடவென்று குடித்துக் காட்டினான். அவள் அசையவில்லை.

"நீ கூலிக்கு ஓட்டுறவன். போன தடவையும் உன் படகுதான். கொண்டுவந்தவரு குடிக்கட்டும்."

வில்லாயுதம் மறுபடி ஊற்றி நீட்டினான். இபுறாகிம் வாங்கவில்லை. அவன் உதடு காய்ந்து வெடித்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். இத்தனை தண்ணீருக்கு நடுவில், இந்த வெயிலில் உட்கார்ந்து வந்தவன் ஏன் ஒரு மிடறு குடிக்கவில்லை?

"பொழுது சாஞ்சதும் குடிக்கிறேன்க்கா."

"அப்ப நீ இங்க இருக்க மாட்டியே!"

கூட்டம் முணுமுணுத்தது. கேன்களைக் கடலில் தள்ளுங்கள் என்று ஒரு குரல் வந்தது. வில்லாயுதத்துக்குப் பொறுக்கவில்லை.

"அவரு நோன்பு, தாயி! வழியில நான் கொடுத்தப்பவும் வேணாம்னுட்டாரு."

"அதை ஏன் நீ முதல்லயே சொல்லல?" என்றாள் இபுறாகிமிடம்.

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கா?"

நம்பியிருக்க மாட்டாள். இப்போதும் நம்பவில்லை. நோன்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்த நேரம் அவளுடைய மகள் குழியில் தேங்கிய உப்புத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பி அழுதாள். இபுறாகிம் அதைப் பார்த்தான். வில்லாயுதத்தின் கையிலிருந்த தம்ளரை வாங்கினான். ஏதோ முணுமுணுத்தபடி வாயருகே கொண்டுபோனான்.

செலஸ்தீனா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பாதித் தண்ணீர் மணலில் சிந்தியது. மீதியைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு தானே குடித்துவிட்டாள்.

ஓதம் வற்றுகிறது, படகு மணலில் சிக்குமுன் போக வேண்டும் என்று வில்லாயுதம் கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. தன் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெளிவாகும்வரை ஒரு பிள்ளையையும் கேன் பக்கம் விடவில்லை. பிறகுதான் மகளுக்கு ஊற்றினாள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உள்ளதைப் போட்டு உடைத்த வில்லாயுதம், நோன்பை விடத் துணிந்த இபுறாகிம், அவனைத் தடுத்துத் தானே குடித்த செலஸ்தீனா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வில்லாயுதம் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னதில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இபுறாகிம் மேலும் பிழையில்லை. உயிர் காக்க நோன்பை முறிக்க அவன் மார்க்கமே இடம் கொடுக்கிறது. ஆனாலும் சரியாகச் செய்தவள் செலஸ்தீனாதான். பிள்ளைகளுக்காகச் சந்தேகப்பட்டது அவள் கடமை. சந்தேகம் அவளுடையது என்பதால், அதைத் தீர்க்கும் செலவை வந்தவன் தலையில் கட்டாமல் தானே ஏற்றுக்கொண்டாள். நம்பிக் குடித்திருந்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் நம்பாமல் குடித்தாள்.