கரும்போத்து எழுதிய ஓலை

அந்தக் காலத்தில் மிருகமும் பறவையும் பேசியது மட்டுமில்லை, காற்றும் மழையும்கூடக் கூப்பிட்டால் வந்து வேலை செய்துவிட்டுப் போகும். கூப்பிடுகிற பொறுப்பு பெருச்சாளிக்கு. காட்டில் யாருக்கு என்ன ஆக வேண்டுமானாலும் அதன் வளை வாசலில் வந்து சொல்வார்கள். வளைக்குள் ஓலைகள் அடுக்கியிருக்கும். யார் என்ன வேலை செய்வார்கள் என்று ஒவ்வொரு ஓலையிலும் எழுதியிருக்கும். படித்துப் பார்த்து, பொருத்தமான ஆளை அது அனுப்பும். மண்ணுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிராணி. காற்றையும் கண்டதில்லை, தீயையும் கண்டதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓலையில் இருந்ததுதான்.

ஓலைகளை எழுதியது கரும்போத்து. இன்றைக்குச் செம்போத்து என்கிறோமே, அதேதான். அப்போது அதற்கு இறக்கை, கண் எல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும். மலை உச்சிக்கு மேலே பறக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். சுருக்கமாக எழுதுவதில் அதற்கு அப்படி ஒரு கர்வம்! ஓர் ஓலைக்கு ஒரே வரி. அதற்கு மேல் எழுதுகிறவர்களுக்கு எழுதவே தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரியும்.

காற்றின் ஓலையில் அது, 'தீயை அணைக்கும்' என்று எழுதியது. பக்கத்தில் நின்ற காற்று எட்டிப் பார்த்தது.

"அய்யா, நான் அணைக்கிறது கரடி தேனெடுக்கக் கொளுத்துற ஒத்தைச் சுள்ளியைத்தான். பெருந்தீன்னா நான் கிட்டவே போகக் கூடாது. அதையும் ஒரு வரி போட்டுருங்க."

"இது காட்டுக்கே தெரிஞ்ச சங்கதி. இதையெல்லாம் எழுதிட்டிருந்தா பனைமரம் பத்தாது."

"படிக்கிறவருக்குத் தெரியுமாங்க?"

"நீ போய் உன் வேலையைப் பாரு," என்றது கரும்போத்து. மழையின் ஓலையில் 'விதையை முளைக்க வைக்கும்' என்று எழுதிவிட்டு, அடுத்த ஓலையை எடுத்துக்கொண்டது.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம், மூங்கிலோடு மூங்கில் உரசி, காய்ந்த புல்லில் தீப்பிடித்தது. புல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு காரைப் புதர். அதற்குள் கரும்போத்தின் கூடு. கூட்டில் இறக்கை முளைக்காத மூன்று குஞ்சுகள். புதரை ஒட்டித்தான் பெருச்சாளியின் வளையும்.

"தம்பி! தீ! தீயை அணைக்கணும், சீக்கிரம் ஆள் அனுப்பு!" என்று வளை வாசலில் கத்திவிட்டு, கரும்போத்து கூட்டுக்கு ஓடியது.

பெருச்சாளி ஓலைகளைப் புரட்டியது. தீ என்ற சொல் ஒரே ஒரு ஓலையில்தான் இருந்தது. "கெடச்சிருச்சுண்ணே!" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்துவிட்டு, காற்றைக் கூப்பிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த காற்று ஒரே பாய்ச்சலாக வந்தது. தீயைக் கண்டதும் நிற்கத்தான் பார்த்தது. வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை.

அட கொடுமையே! முழங்கால் உயரத்தில் இருந்த தீ பனை உயரத்துக்கு எழும்பியது. கரும்போத்து அலகைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டது. அணைக்க வந்தவனா இப்படி ஊதுகிறான்?

"உன்னை யாருடா கூப்பிட்டது?"

"உங்க ஓலைதான்யா கூப்பிட்டுது!" என்று காற்று கதறியது.

தீ புதரில் தாவியது. கரும்போத்து இரண்டு இறக்கையையும் விரித்துக் கூட்டின் மேல் கவிழ்ந்துகொண்டது. "மழையைக் கூப்பிடு! மழை!"

வளைக்குள்ளிருந்து பெருச்சாளி நிதானமாகக் கேட்டது: "மழை, விதையை முளைக்க வைக்கும்னுதானே போட்டிருக்கு? இப்ப எதுக்குண்ணே விதை?"

அந்தக் கேள்வியைக் கேட்டு பெற்றதற்கு எப்படி இருந்திருக்கும்!

"மழை தீயை அணைக்கும்டா! எவ்வளவு பெரிய தீயையும் அணைக்கும்!"

"ஓலையில அப்படி இல்லையேண்ணே..."

"நான் சொல்றேன், கூப்பிடு! மழை! மழை! மழை! மழை!"

பெருச்சாளி கூப்பிட்டது. மழை வந்தது, கொட்டியது, தீ அணைந்தது. கரும்போத்து மெல்ல இறக்கையைத் தூக்கிப் பார்த்தது. மூன்றில் ஒன்றுதான் அசைந்தது.

பெருச்சாளி அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே வந்தது. புகைகிற புதரைப் பார்த்தது, கூட்டைப் பார்த்தது.

"இதுதான் தீயாண்ணே? எனக்குத் தெரியாதே. அணைக்கும்னு இருந்துச்சு, அனுப்பினேன்."

கரும்போத்து அதைத் திட்டவில்லை. "நீ சரியாத்தான் படிச்சே, தம்பி," என்று மட்டும் சொன்னது.

அந்த மத்தியானத்திலிருந்துதான் கரும்போத்து செம்போத்து ஆனது. வெந்துபோன இறக்கை செங்கல் நிறமாகவே நின்றுவிட்டது. புகையிலும் அழுகையிலும் சிவந்த கண் வெளுக்கவே இல்லை. உயரப் பறக்க முடியாமல் புதரோரமாகத் தத்தித் தத்தி நடக்கிறது. ஒரு தடவை சொன்னால் கேட்கிறவருக்கு விளங்கிவிடும் என்ற நம்பிக்கையும் அதற்குப் போய்விட்டது. அன்று முதல் அது வாயைத் திறந்தால் 'ஊப் ஊப் ஊப்' என்று பத்துத் தடவை, பதினைந்து தடவை சொல்லாமல் நிறுத்துவதில்லை.