ஏரிக்கரைக் குடிலின் ஐந்தாவது படி

மூங்கிலும் மருதும் நெருக்கியடித்து வளர்ந்த ஒரு காட்டில், மேட்டுப் பக்கமாகப் பழுப்பன் என்றொரு முயல் தன் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. அதன் மனைவியின் பெயர் பூளை. பிள்ளைகள் மூன்று: மூத்தவன் வரகு, அடுத்தவன் தினை, கடைக்குட்டிப் பெண் எள்ளு.

முயல்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? ஆபத்து என்று தோன்றினால் முயல் கத்தாது. பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். அந்தத் தட்டல் கேட்டதும் மற்ற முயல்கள் வாயில் வைத்த புல்லைக்கூட மெல்லாமல் புதருக்குள் பாய்ந்துவிடும்.

பழுப்பன் வீட்டில் நாள் முழுக்கத் தட்டல்தான். இலை விழுந்தால் தட்டல், நிழல் அசைந்தால் தட்டல். தட்டித் தட்டிப் பழுப்பனின் வலது பாதம் காய்த்துப் போயிருந்தது. ஒருநாளாவது பயமில்லாமல் சாப்பிட்டால் புல் எப்படி ருசிக்கும் என்று அது அடிக்கடி யோசிக்கும்.

கோடை வந்தது. மேட்டுப் புல் காய்ந்தது. "ஏரிக்கரையில் முயல்கள் கோடைக்குப் போய்த் தங்குகிற குடில் ஒன்று இருக்கிறதாம். பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வருவோம்" என்றது பழுப்பன்.

"அந்தப் பக்கம் நமக்குப் பழக்கமில்லையே" என்றது பூளை.

"அதனால்தான் போகிறோம். ஆனால் ஒரு விளையாட்டு. அங்கே இருக்கும்வரை யாரும் காலைத் தட்டக் கூடாது. தட்டுபவர் தோற்றவர். தோற்றவர் அன்று எல்லோருக்கும் புல் பறித்து வர வேண்டும்."

பிள்ளைகள் குதித்தன. பூளை மட்டும் பழுப்பனின் காய்த்துப்போன பாதத்தைப் பார்த்தது. பிள்ளைகளுக்காகவா இந்த விளையாட்டு, அல்லது தனக்காகவா என்று பழுப்பனுக்கே ஒரு கேள்வி எழுந்தது. விடை தேடாமல் அது நடக்கத் தொடங்கியது.

வழியில், எதிரே ஒரு முயல் குடும்பம் ஏரிப் பக்கமிருந்து திரும்பி வந்தது. அப்பா, அம்மா, பெரிய பிள்ளை ஒன்று. அம்மா முயலின் வாயில் சுருட்டிய புல்படுக்கை ஒன்று இருந்தது. கூட வந்த பிள்ளை படுக்க முடியாத அளவுக்கு அது சின்னதாக இருந்தது.

"இடம் எப்படி?" என்று கேட்டது பழுப்பன்.

அந்த அப்பா முயல் வரகைப் பார்த்தது, தினையைப் பார்த்தது, எள்ளுவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது. பிறகு பின்னங்காலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தது.

"அவர் தோற்றுவிட்டார்" என்றது தினை. எல்லோரும் சிரித்தார்கள். பழுப்பனும் சிரித்தது.

குடில், ஒரு பெரிய நீர்மருத மரத்தின் வேர்களுக்கு நடுவே இருந்தது. வாசலிலிருந்து சற்றுக் கீழே கல்படிகள் ஏரிக்குள் இறங்கின. ஏரி அசையாமல் கிடந்தது. தவளைச் சத்தம் இல்லை. கரையில் ஒரு குருவிகூடத் தண்ணீர் குடிக்கவில்லை.

வாசலில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றிருந்தது. குடிலைக் கவனித்துக்கொள்வது அதுதான்.

"வாருங்கள், வாருங்கள். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்றது நாரை மிக மரியாதையாக.

"வேறு யாரும் இருக்கிறார்களா, நாரையாரே?"

"பேச்சு வழக்கில் சொன்னேன். நான் ஒருத்தன்தான்." நாரை கழுத்தை மடக்கிக்கொண்டது. "உள்ளே போகுமுன் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவிடுங்கள். வந்த அன்று இடது நிலைக்காலில், கிளம்பும் அன்று வலது நிலைக்காலில். இங்கே வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

பழுப்பன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, முயல் வழக்கப்படி காது நுனிவரை அளந்து, இடது நிலைக்காலில் பல்லால் கடித்துத் தடம் வைத்தது. அதில் ஏற்கெனவே ஏராளமான தடங்கள், மேலிருந்து தரைக்கு அருகே வரை நிறைந்திருந்தன. எள்ளுவின் தடம்தான் எல்லாவற்றுக்கும் கீழே விழுந்தது.

"நான்தான் குள்ளமா?" என்றது எள்ளு.

"ஏரிப் புல்லைத் தின்று வளர்ந்துவிடுவாய்" என்றது பழுப்பன்.

பூளை வலது நிலைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இங்கே வாருங்களேன். இந்தப் பக்கம் மேலே மட்டும்தான் தடம் இருக்கிறது. கீழே ஒன்றுகூட இல்லை. சின்னப் பிள்ளைகளின் தடமெல்லாம் எங்கே?"

பழுப்பனுக்கு முதுகில் மயிர் சிலிர்த்தது. அது ஒரு நொடிதான். "வளர்ந்திருக்கும்" என்றது.

மறுநாள் காலை பிள்ளைகள் படியில் விளையாடின. மதியம் எள்ளு ஓடி வந்தது.

"அப்பா, காலையில் நாலு படி இருந்தது. இப்போது ஐந்து இருக்கிறது."

"கோடை அல்லவா? ஏரி வற்றி, அடியில் இருந்த படி தெரிந்திருக்கும்."

சாயங்காலம் எள்ளு மறுபடியும் வந்தது. "அப்பா, இப்போது நாலுதான் இருக்கிறது."

"தண்ணீர் ஏறியிருக்கும்."

"மழையே பெய்யவில்லையே, அப்பா."

"எள்ளு, விளையாட வந்த இடத்தில் படியையா எண்ணுவாய்? போ" என்றது பழுப்பன். அது பாதி மென்ற புல்லோடு கண்ணை மூடிப் படுத்திருந்தது. பயமில்லாத புல்லின் ருசி இப்போதுதான் நாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அதை யாரும் கலைக்க வேண்டாம் என்று இருந்தது அதற்கு.

அடுத்த நாள், படி அருகே 'டப்' என்று ஒரு தட்டல் கேட்டது. பழுப்பன் துள்ளி எழுந்தது. எள்ளுதான்.

"எள்ளு தோற்றுவிட்டாள், எள்ளு தோற்றுவிட்டாள்" என்று பாடியது தினை.

"ஐந்தாவது படி..." என்று தொடங்கியது எள்ளு.

"தோற்றால் தோற்றதுதான். சாக்குச் சொல்லக் கூடாது. எனக்குக் கோரைப்புல் வேண்டும், நுனியாகப் பார்த்துப் பறி" என்றது வரகு.

எள்ளு பேசாமல் புல் பறித்து வந்தது. அதற்கடுத்த நாளும் தட்டியது, புல் பறித்தது. அதற்கடுத்த நாள் இரண்டு முறை தட்டியது. வெயிலில் புல் பறித்துப் பறித்து அதன் உதடு கிழிந்துபோனது.

"பாவம், விட்டுவிடலாமே" என்றது பூளை.

"விட்டால் எப்படிப் பயம் போகும்? என்னைப் போலவே வளர வேண்டுமா?" என்றது பழுப்பன். சொல்லும்போதே உள்ளே எதுவோ நெருடியது. அதை மென்று விழுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எள்ளு தட்டவில்லை. படியைப் பற்றியும் பேசவில்லை. படிகளில் இறங்கி உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தாயா? என் பெண் பயப்படாத பிள்ளை ஆகிவிட்டாள்" என்று பழுப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. எள்ளு திரும்பிப் பார்த்தது. சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள். மறுநாள் கிளம்ப வேண்டும். மாலை வெயில் சாய்ந்திருந்தது. வரகும் தினையும் கரையில் ஒன்றையொன்று தள்ளி விளையாடின. எள்ளு நாலாவது படியில் உட்கார்ந்து, ஐந்தாவது படியில் கால் வைத்திருந்தது. நாரை தண்ணீர் ஓரமாக நின்றது. அதன் காலடியில் மீன்கள் நீந்தின. நாரை மீனைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழுப்பன் வாசலில் படுத்திருந்தது. மருத மரத்திலிருந்து ஒரு காய்ந்த இலை சுழன்று இறங்கி, ஐந்தாவது படிமேல் விழுந்தது.

இலை மெல்ல மேலே ஏறியது. மெல்லக் கீழே இறங்கியது. மறுபடியும் மேலே ஏறியது.

காற்றே இல்லை. படிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பழுப்பனின் வலது கால் தானாகத் தரையில் இறங்கியது. டப், டப், டப்.

கரையில் சிரிப்பு எழுந்தது. "அப்பா தோற்றுவிட்டார்" என்றது தினை. "இன்றைக்குப் புல் அப்பா பறிக்க வேண்டும். எனக்கு இரண்டு கட்டு" என்றது வரகு. யாரும் ஓடவில்லை. எள்ளுவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அப்போதுதான் பழுப்பனுக்குப் புரிந்தது. எத்தனையோ தலைமுறையாகத் தன் குலத்தைக் காப்பாற்றி வந்த அந்த ஒரு சத்தத்தைத் தானே விளையாட்டுப் பொருளாக்கிவிட்டது. இனி எத்தனை முறை தட்டினாலும் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்யும்.

படி பதினைந்து பாய்ச்சல் தூரத்தில் இருந்தது. ஓடினால் அந்த ஐந்தாவது படிக்கும் தெரிந்துவிடும். பழுப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டது. சாதாரணமாகப் பேசப் பார்த்தது.

"எள்ளு, வா, உயரம் அளக்கலாம். நீ வளர்ந்திருப்பாய் போல இருக்கிறது."

"நாளைக்குத்தானே கிளம்புகிறோம்? நாளைக்கு அளக்கலாம், அப்பா."

"வலது நிலைக்காலில் இன்று ஒரு தடம்தான் வைக்கப் போகிறேன். முதலில் வருகிறவருக்குத்தான்."

"அப்படியானால் எனக்குத்தான்" என்று வரகு வாசலை நோக்கிப் பாய்ந்தது.

"அண்ணா, ஏமாற்றுகிறாய், என்னைத்தான் அப்பா கூப்பிட்டார்" என்று எள்ளு காலை உதறிக்கொண்டு எழுந்து ஒரே தாவாகத் தாவியது.

ஐந்தாவது படி இரண்டாகப் பிளந்தது. மேல் பாதியிலும் பற்கள், கீழ்ப் பாதியிலும் பற்கள். 'டமார்' என்று அவை மூடிக்கொண்ட சத்தம் ஏரியின் மறுகரை வரை போய்த் திரும்பி வந்தது.

எள்ளு ஓடி வந்து வாசலில் விழுந்தது. அதன் இடது காதில் நுனி இல்லை.

தண்ணீர் ஒருமுறை சுழித்து அடங்கியது. படிகள் நாலு இருந்தன.

நாரை மெல்ல நடந்து வந்தது. "முதலை இந்தப் பக்கம் என் மீன்களைத் தொடுவதில்லை. நானும் அதன் படியைப் பற்றிப் பேசுவதில்லை" என்றது, எதுவும் நடக்காததுபோல. "இன்றே கிளம்புகிறீர்கள் போலிருக்கிறது. அளவு வைத்துவிட்டுப் போங்கள். வழக்கம் அல்லவா?"

பூளை எள்ளுவின் காதை நக்கிக்கொண்டிருந்தது. பழுப்பன் மகளின் அருகே தாழ்ந்து உட்கார்ந்தது.

"உனக்குத் தெரியுமா, எள்ளு? அது படி இல்லை என்று?"

"இரண்டாம் நாளே தெரியும், அப்பா. கால் வைத்தால் சூடாக இருந்தது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே. நாலு தடவை புல் பறித்தேன்."

பழுப்பன் மகளின் கிழிந்த உதட்டைப் பார்த்தது. பிறகு கேட்டது: "தெரிந்துமா அதன்மேல் கால் வைத்தாய்?"

"பயப்படாத பிள்ளை என்று நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்களே, அப்பா."

வரகு தலையைக் குனிந்துகொண்டது. தினை அண்ணனின் பின்னால் ஒளிந்துகொண்டது.

பழுப்பன் பிள்ளைகளை அளந்து வலது நிலைக்காலில் தடம் வைத்தது. எள்ளுவின் இடது காதுக்குத்தான் தடம் வைத்தது. வந்த அன்றைய தடத்தைவிட அது ஒரு நகம் அளவு கீழே இருந்தது. அந்த நிலைக்காலில் தரைக்கு அருகே விழுந்த முதல் தடம் அதுதான்.

இருட்டுமுன் அவர்கள் ஏரியைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறினார்கள். எதிரே ஒரு முயல் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது.

"இடம் எப்படி?" என்று கேட்டது அந்த அப்பா முயல்.

பழுப்பன் காலைத் தட்டியது.

அந்த முயல் சிரித்தது. "விடுமுறை முடிந்தும் பழக்கம் விடவில்லை பாருங்கள்" என்று மனைவியிடம் சொன்னது.

அந்தச் சிரிப்பு பழுப்பனுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அது பாதையின் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. "ஐயா, சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மகள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்."

எள்ளு முன்னால் வந்தது. "அங்கே நாலு படிதான். ஐந்தாவது இருந்தால் அது படி இல்லை" என்றது. பிறகு காதைத் திருப்பிக் காட்டியது.

"குழந்தைகள் எதையாவது சொல்லும்" என்றது அந்த அப்பா முயல். இப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "வாருங்கள், நேரமாகிறது."

அதன் கடைசிப் பிள்ளை வரவில்லை. எள்ளுவின் காதைப் பார்த்தபடியே நின்றது. பிறகு தன் சின்னஞ்சிறு பின்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டியது. அது தட்டிய சத்தம் ஒரு விதை விழுகிற அளவுக்குத்தான் இருந்தது.

அந்த அப்பா அதட்ட வாயைத் திறந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பழுப்பனின் முகத்தைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

"சரி, திரும்பலாம்" என்றது.

இரண்டு குடும்பங்களும் ஒன்றாக மேடேறின. கீழே, ஏரிக்கரையில் நாரை வாசலிலேயே காத்திருந்தது.

இந்தக் கதையின் நீதி: பயத்தைச் சொல்கிற பிள்ளையைத் தண்டித்து வாங்கும் நிம்மதிக்குள் ஆபத்து சத்தமில்லாமல் வந்து படுத்திருக்கும்.