பெல்வோரா பங்குதாரர்கள் மூவர்

திருச்செங்கோட்டில் எங்கள் மூன்று பேரையும் விவரமான ஆட்கள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் விசாரித்ததில்லை.

மூத்தவர் அர்த்தநாரி அண்ணன், கோழித்தீவன வியாபாரி. அடுத்தவன் நாச்சிமுத்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்றாவது ஆள் டெய்லர் சென்னியப்பனாகிய நான். மூவரில் நான்தான் கொஞ்சம் புத்திசாலி. மற்ற இருவரையும் கேட்டால் அவரவர் பெயரைச் சொல்வார்கள்.

ஒரு மத்தியானம் என் கடை வாசலில் கருநீலத்தில் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் தெருவில் பாதி அளவுக்கு நீளம். மூக்கில் வெள்ளியில் ஒரு கொக்கு. டிரைவர் கண்ணாடியை இறக்கி மலைக்கோயிலுக்கு வழி கேட்டார். நாச்சிமுத்து வழி சொன்னான். கார் புறப்பட்டது, சத்தமே இல்லை. தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் அர்த்தநாரி அண்ணன், “இன்னும் ஸ்டார்ட் பண்ணலயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அது பெல்வோரா கார் என்று பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலமே டிவியில் அதே பெல்வோரா கம்பெனியின் பங்கு விலை பாதாளத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இவ்வளவு அழகான வண்டியின் பங்கு இவ்வளவு மலிவா என்று எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் கையில் அப்போது ஒரு பணம் இருந்தது. எங்களுடையது அல்ல. தம்பதியாக ஆறு பேரும் காசிக்குப் போவதற்காக மூன்று வீட்டுப் பெண்களும் பல வருஷமாகச் சேர்த்தது. பத்திரமாகப் பேங்கில் போட்டு வைக்கும்படி அர்த்தநாரி அண்ணனின் மனைவி பாவாயி அக்காதான் எங்களிடம் கொடுத்திருந்தார். காசிக்கு ரயிலுக்குப் பதில் விமானத்திலேயே போகலாமே என்று நினைத்தோம். எங்கள் நினைப்பில் எப்போதும் குறை இருந்ததில்லை.

நாமக்கல் ரோட்டில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் ஷேர் வாங்கி விற்கும் ஆபீஸ் வைத்திருந்தவர் பிரேம்குமார். முப்பது வயசுதான் இருக்கும், பொறுமையான ஆள். அந்தப் பொறுமை எங்களால் தீர்ந்துபோனது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

“சார், இந்தக் கம்பெனி வேண்டாம்,” என்றார் பிரேம்குமார். “ரொம்ப நாளா நஷ்டத்துல ஓடிட்டிருக்கு.”

அர்த்தநாரி அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஓடுதுங்கள்ல?” என்று கேட்டார்.

“ஓடுதுங்க. ஆனா நஷ்டத்துல.”

“தம்பி, கார் கம்பெனிக்கு ஓடறதுதானுங்க முக்கியம். எதுல ஓடுனா நமக்கென்னங்க.”

“பெட்ரோல் விக்கற விலைக்கு நஷ்டத்துல ஓடறதே மேலுங்க,” என்றான் நாச்சிமுத்து.

பிரேம்குமார் விடவில்லை. “கழுத்து வரைக்கும் கடன் இருக்குங்க சார்.”

இதற்கு நான்தான் பதில் சொன்னேன். “காருக்குக் கழுத்து ஏதுங்க?”

பிரேம்குமார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பிறகு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே விலை இறங்கியது. போன் பண்ணினோம். “பதறாதீங்க சார். இப்ப வித்தா நஷ்டம். கொஞ்ச நாளைக்குக் கையிலயே வச்சிருங்க. என்ன ஆனாலும் கையை விட்டுறாதீங்க,” என்றார்.

கையில் வைப்பது என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பங்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதாம். அதனால் அவர் ஆபீசிலேயே ஒரு தாளில் அச்சடித்து வாங்கி, மூன்று பேரும் முறை போட்டுக் கையில் வைத்துக்கொண்டோம். சாப்பிடும்போது இடது கையில். குளிக்கும்போது கை மட்டும் கதவுக்கு வெளியே.

என் முறை வந்தபோது ஒற்றைக் கையால் தைத்தேன். பஞ்சாயத்து கிளார்க்கின் பேன்ட்டில் இரண்டு காலும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அவர் நல்ல மனுஷர், திட்டவில்லை. போட்டுப் பார்த்துவிட்டுக் குதித்துக் குதித்துக் கண்ணாடி வரைக்கும் போய்வந்தார்.

நாச்சிமுத்து ஒரு கையில் தாளும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாக மொபெட் ஓட்டிச் சாக்கடையில் இறங்கினான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடுப்பளவு சாக்கடையில் நின்றபடி தாளைத் தலைக்கு மேலே பிடித்திருந்தான். அன்று பங்கு இன்னும் கீழே போனது.

“நான் உளுந்த நேரமும் அது உளுந்த நேரமும் ஒண்ணா இருக்குது மாப்ளே,” என்றான் என்னிடம், குற்ற உணர்ச்சியோடு.

“நீ மேட்டுல ஏறிப் பாரு,” என்றார் அர்த்தநாரி அண்ணன். மலைக்கோயில் படி முழுக்க ஏறிப் பார்த்தான். விலை ஏறவில்லை. முழங்கால் வலிதான் ஏறியது.

கம்பெனிக்கு என்னதான் வியாதி என்று பிரேம்குமாரிடமே கேட்டோம். “யாரும் காரை வாங்கறதில்லைங்க. கேக்கறதுக்கு ஆள் வந்தாத்தான் விலை ஏறும்,” என்றார்.

என் கடையில் உட்கார்ந்து இதைப் பற்றி விவாதித்தோம்.

“கேக்கறதுக்குத்தான் ஆள் இல்லைங்கறாரு,” என்றார் அர்த்தநாரி அண்ணன். “நாம மூணு பேரு இருக்கோம். போய்க் கேட்டா என்னப்பா?”

“வாங்கறதுக்குப் பணம்?” என்றேன்.

“வாங்கச் சொல்லலயே. கேக்கத்தானே சொன்னாரு.”

கோயம்புத்தூரில் அந்தக் காருக்கு ஷோரூம் இருந்தது. வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். உள்ளே ஒரே குளிர், ஒரே வெளிச்சம், நாலே கார். ஜோஸ்பின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னார்.

“கார் வேணுங்க,” என்றார் அர்த்தநாரி அண்ணன்.

“எந்த மாடல் சார் பாக்கறீங்க?”

“எனக்கும் கார் வேணுங்க,” என்றான் நாச்சிமுத்து.

“எனக்கும்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோய் காபி வரவழைத்தார். அதற்குள் அர்த்தநாரி அண்ணன் மேலே அண்ணாந்து விளக்குகளைப் பார்த்துவிட்டார். “நம்ம கம்பெனி நஷ்டத்துல ஓடுது, பட்டப்பகல்ல இத்தனை லைட்டா?” என்று முணுமுணுத்தபடி சுவரோரமாகப் போய் வரிசையாக சுவிட்சுகளை அணைத்தார். ஏசியும் நின்றது. காபியை வேண்டாம் என்று நாங்களே சமையலறை வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம். பங்குதாரர்கள் சொந்தக் காபியைக் குடித்தால் கம்பெனி எப்படி உருப்படும்?

அந்த இருட்டுக்குள் தடவித் தடவி ஒருவர் வந்தார். கரூரில் துணி ஏற்றுமதி செய்கிறவராம். சட்டைப் பையில் செக் புத்தகம் தெரிந்தது. அன்றைக்கே கார் எடுக்க வந்தவர். ஜோஸ்பின் விளக்கைப் போட ஓடிய நேரத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வண்டி எப்படிங்க, எடுக்கலாமா?” என்று கேட்டார்.

நல்ல மனுஷர் ஏமாந்துவிடக் கூடாது என்று, டிவியில் தினமும் கேட்கிற யோசனையைச் சொன்னேன். “அவசரப்படாதீங்க. இறங்கிட்டே இருக்குது. இன்னும் இறங்கும். அடிமட்டத்துக்கு வந்தப்புறம் வாங்குங்க.”

“அப்படீங்களா?”

“நாங்க முன்னாடியே வாங்கி மாட்டிக்கிட்டோமுங்க,” என்றான் நாச்சிமுத்து, உருக்கமாக.

அவர் எங்கள் இருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். செக் புத்தகமும் அவரோடு போனது. ஜோஸ்பின் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து காலி நாற்காலியைப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. அந்த மாதத்தில் வந்த ஒரே ஆளாம். நாங்கள் அவருக்கு ஆறுதல் சொன்னோம். “கவலைப்படாதீங்கம்மா, நாங்க நாளைக்கும் வந்து கேக்கறோம்,” என்றார் அர்த்தநாரி அண்ணன். வாட்ச்மேன் எங்களைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மரியாதை என்றுதான் அப்போது நினைத்தோம்.

அதற்கடுத்த வாரம் கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் திணறுவதாகச் செய்தி வந்தது. நாங்கள் மூவரும் என் கடையில் இருந்தபோது பிரேம்குமார் போன் பண்ணினார். குரலில் அவசரம்.

“சார், இதுக்கு மேல தாங்காது. உடனே வெளிய வந்துருங்க. யோசிக்காதீங்க.”

யோசிக்கவில்லை. அடுத்த நிமிஷம் மூவரும் தெருவில் நின்றோம். வெளியே மழை.

“எதுக்கு வரச் சொன்னாருன்னு கேட்டீங்களா?” என்றான் நாச்சிமுத்து.

“யோசிக்க வேண்டாம்னாரே,” என்றார் அண்ணன்.

கட்டடம் இடியப்போகிறது என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்காரர்களும் வெளியே வந்து எங்களோடு நின்றார்கள். இருட்டும்வரை எதுவும் இடியவில்லை. சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாவாயி அக்கா குடையோடு வந்து நின்றார்.

“எதுக்கு நனைஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?”

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கு, கார், காசிப் பணம், எல்லாம். மழைத்தண்ணீர் குடையிலிருந்து என் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா கையை நீட்டி என் போனை வாங்கிப் பிரேம்குமாரைக் கூப்பிட்டார்.

“தம்பி, பாவாயி பேசறேன். இவங்க மூணு பேரும் வெளிய வந்துட்டாங்க. பணத்தையும் கொஞ்சம் வெளிய எடுத்துருங்க.”

மறுநாள் காலையில் விற்றுக் கொடுத்தார் பிரேம்குமார். போட்டதில் பாதிதான் மிஞ்சியது. மூன்று பெண்கள் ரயிலில் போய்வரப் போதும். ஆறு பேர் என்றால் போதாது.

அன்று ராத்திரி என் மனைவி எனக்குச் சோறு போட்டாள். கோபம் வந்தால் உப்பை அள்ளிப் போடுகிறவள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அர்த்தநாரி அண்ணன் வீட்டில் அவர் சாப்பிடாமலே படுத்தாராம். யாரும் சாப்பிடக் கூப்பிடாததுதான் காரணம் என்று பிறகு சொன்னார்.

பெண்கள் மூவரையும் ஈரோட்டில் ரயில் ஏற்றிவிட்டோம். திரும்பும் வழியில் நன்றி சொல்லலாம் என்று பிரேம்குமார் ஆபீசுக்குப் போனோம். அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

“சார், உங்க மூணு பேருக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இனிமே ஷேர் மார்க்கெட் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க.”

இவ்வளவு நல்லவர் சொல்லும்போது கேட்காமல் இருக்க முடியுமா? பெண்கள் இல்லாத வீட்டில் தனியாகப் படுக்கப் பிடிக்காமல் மூவரும் என் கடையில்தான் படுத்தோம். படுப்பதற்கு முன் திசை பார்த்தோம்.

“மார்க்கெட் பம்பாயில,” என்றான் நாச்சிமுத்து. “அது வடமேற்கு.”

“ஷோரூம் கோயம்புத்தூர்ல. மேற்கும் வேண்டாம்,” என்றேன்.

“பிரேம்குமார் ஆபீஸ் தெக்க,” என்றார் அண்ணன். “வடக்க தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு எங்கம்மாவே சொல்லியிருக்குது. கெழக்கதான் பாக்கி.”

கிழக்கே தலைவைத்து நிம்மதியாகத் தூங்கினோம். நாலைந்து நாள்தான். ஒரு காலையில் பேப்பருக்குள் மடித்து வைத்த நோட்டீஸ் ஒன்று விழுந்தது. பிரேம்குமார் புதுக் கிளை திறக்கிறாராம், ராசிபுரத்தில். ராசிபுரம் எங்களுக்கு நேர் கிழக்கே.

அர்த்தநாரி அண்ணன் வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். “நாலு பக்கமும் அடைச்சாச்சு. தலையைக் கழட்டி வைக்க முடியாது. அப்பப் படுக்காம இருக்கறதுதான் வழி.”

அன்றிலிருந்து உட்கார்ந்தே தூங்கினோம், மூன்று நாற்காலிகளில்.

காசிக்குப் போனவர்கள் ஒரு காலையில் கங்கைச் செம்போடு வந்து இறங்கினார்கள். எங்களைப் பார்த்ததும் பாவாயி அக்கா அப்படியே கடை வாசலில் நின்றுவிட்டார். நாங்கள் காரணத்தைச் சொன்னோம். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“சரி, எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்.”

எழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், போனால் படுக்க வேண்டும். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பிரேம்குமாருக்குப் போன் போட்டேன். எழுந்திருக்கலாமா என்று கேட்டேன்.

“சார்... கொஞ்சம் லைன்ல இருங்க,” என்றார்.

மற்ற இருவரிடமும் சொன்னேன். அர்த்தநாரி அண்ணன் குனிந்து எங்கள் நாற்காலிக் கால்களை ஒரு பார்வை பார்த்தார். நாச்சிமுத்து மட்டும் வரிசையில் கொஞ்சம் பின்தங்கியிருந்தான். நாற்காலியோடு அரை அடி முன்னால் நகர்ந்துகொண்டான்.