கோழிப்பண்ணையில் முட்டைத் திருடன்

"கோழி என்ன பரீட்சைக்கா படிக்குது?" என்று கொட்டகை பல்பைக் கழற்றச் சொன்னவர் பண்ணை முதலாளி சென்னியப்பன். மார்கழியில் முட்டை பாதியானதும் வேலைக்காரி மயிலாத்தாளைப் பிடித்துக்கொண்டார்.

"திருடனைக் காட்டு. இல்லைன்னா வேலையை விட்டு நின்னுக்க."

"காட்டிரலாமுங்க. பல்பை மாட்டி, பொழுது சாஞ்சதும் மூணு மணி நேரம் நீங்களே காவல் உட்காருங்க."

மூன்று வாரம் பல்பு வெளிச்சத்தில் தடியோடு உட்கார்ந்தார். திருடன் வரவில்லை. கூடை பழையபடி முட்டையால் நிறைந்தது.

"என் தடிக்குப் பயந்துட்டான்" என்று மீசையை நீவினார்.

"இல்லீங்க. பகல் சுருங்கினா கோழி உடம்புல முட்டைக்கான சுரப்பும் சுருங்கிரும். வெளிச்சம் நீண்டாத்தான் மறுபடி ஊறும்."

"அப்போ திருடன்?"

"பல்பைக் கழற்றச் சொன்னவருதானுங்க. மூணு வாரமா தடியோட இங்கதான் உட்கார்ந்திருக்காரு."

மறுநாளும் மயிலாத்தாள் வேலைக்கு வந்தாள். பொழுது சாய்ந்ததும் பல்பைப் போட்டவர் சென்னியப்பன்.