வேம்பி காய்ச்சிய முரசு

நேற்று முந்தாநாள் நடந்ததில்லை இது. மலையும் கடலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், எண்டிசைவென்றான் என்று ஒரு மகாராஜா இருந்தான். கண்ணில் பட்ட நாட்டையெல்லாம் பிடித்தான். எப்படி? மந்திரவாதி ஒருவன் செய்து கொடுத்த முரசு அவனிடம் இருந்தது. திம் திம் திம் என்று மூன்று அடி அடித்தால் போதும், அடித்தவன் மனசில் என்ன இருக்கிறதோ அதைத் தேடிப் படையின் கால்கள் தானாக நடக்கும். மகாராஜா மனசில் ஊரான் நாடுதான் இருந்தது. இந்த மனசு ரகசியம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி நடந்தவர்களில் கொற்றனும் ஒருவன். கல்யாணமான மூன்றாம் மாசம் போனவன், பதினொரு வருஷமாக நடக்கிறான். கண் திறந்திருக்கும், ஆளைத் தெரியாது. அவன் பெண்டாட்டி வேம்பி சும்மா இருப்பாளா? படையைத் தேடிக் கண்டுபிடித்து, முரசு காய்ச்சும் வேலையில் சேர்ந்துவிட்டாள். தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும் அல்லவா? வைக்கோல் தீயில் காட்டி, விறைப்பு ஏறியதா என்று தட்டிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எதிரே புருஷன் மரம் மாதிரி நிற்பான். புகை பட்ட சாக்கில் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒருநாள் மகாராஜா பலாச்சுளையை அளவில்லாமல் தின்று மண்டையைப் போட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அப்பாடா, இனி விடுதலை என்று வேம்பி நினைத்தாள். எங்கே! முரசு யாருக்கோ அவனுக்குத்தான் நாடு என்று மூன்று தளபதிகள் மல்லுக்கு நின்றார்கள்.

முதலில் தொப்பைத் தளபதி முரசைப் பிடுங்கினான். சிம்மாசனத்துக்கு நட என்று கத்திக்கொண்டே அடித்தான். திம் திம் திம்! கால்கள் நடந்தன. எங்கே? சமையல்கட்டுக்கு. பத்தாயிரம் பேர் புகுந்ததில் அடுப்பெல்லாம் தவிடுபொடி.

அடுத்து இருமல் தளபதி. அவனும் சிம்மாசனம் என்றுதான் கத்தினான். திம் திம் திம்! கால்கள் வைத்தியர் வீட்டுக்கு நடந்தன. பாவம் வைத்தியர், கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வேம்பிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே விஷயமும் புரிந்தது. ஓகோ, முரசு வாய்க்குக் கட்டுப்படவில்லை, மனசுக்குத்தான் கட்டுப்படுகிறது!

மூன்றாமவன் மீசைத் தளபதி. அவனுக்குப் பசியும் இல்லை, நோயும் இல்லை. மற்ற இருவர் தலையும் உருள வேண்டும், அவ்வளவுதான். இருவரும் அலறியடித்துக்கொண்டு கோட்டைக்குள் ஓடி, கதவைச் சாத்தி, மதில்மேல் எண்ணெயைக் கொதிக்க வைத்தார்கள். படை நெருங்கினால் முன்வரிசை அப்படியே வெந்து போகும். முன்வரிசையில்தான் கொற்றன் நின்றான்.

மீசைத் தளபதி முரசைக் காய்ச்சச் சொன்னான். வேம்பி காய்ச்சினாள். தட்டிப் பார்ப்பது வழக்கம்தானே, அவள் கோலை எடுத்தபோது யாரும் தடுக்கவில்லை.

என் கொற்றன் மட்டும் என்னிடம் வரட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் பல் விழுந்த ஒரு கிழவன், கால் முழுக்க வெடிப்போடு நின்றான். இவனுக்கும் யாராவது காத்திருப்பார்களே!

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்கய்யா" என்று மனசாரச் சொல்லி அடித்தாள்.

திம் திம் திம்! கால்கள் நடந்தன. பத்தாயிரம் பேரும் ஆளுக்கொரு திசையாகத் திரும்பினார்கள். தளபதிகள் மட்டும் என்ன, அவர்களும் படையாட்கள்தானே! மீசைத் தளபதி கத்தக் கத்த அவன் கால் அவனை அம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கோட்டைக்குள் இருந்த இருவரும் தாங்களே கதவைத் திறந்துகொண்டு கிளம்பினார்கள்.

கொற்றனும் திரும்பினான். வேம்பியைத் தாண்டிப் போனான், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் முரசைத் தீயிலேயே தள்ளிவிட்டுப் பின்னால் ஓடினாள். மூன்று மலை ஏறினான், ஏறினாள். மூன்று ஆறு கடந்தான், கடந்தாள். மூன்று காடு தாண்டினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை வறண்டது.

கடைசியில் வீடு வந்தது. வாசற்படியில் கால் வைத்ததும் கொற்றன் நின்றான். கண்ணைக் கசக்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வேம்பி, எங்க போயிட்டே? பசிக்குது."

"பதினொரு வருஷமா உன் பின்னாலதான்யா வர்றேன்" என்றாள் அவள், மூச்சு வாங்க. "திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தான். அழுதான், சிரித்தான், மறுபடியும் அழுதான்.

அப்புறம் அந்த நாட்டை யார் ஆண்டார்கள் என்கிறீர்களா? பத்தாயிரம் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அதை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.