கடையை அழிக்கச் சொன்ன ஜெசிந்தா

"எங்க வெக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க அம்மணி. மீதிய நான் பாத்துக்கறேன்."

கேட்டவர் அவிநாசியப்பன். வயது ஐம்பத்தேழு. பீளமேட்டுக்காரர். மாவரைக்கும் கிரைண்டர்களின் உதிரிப் பாகங்களை இணையத்தில் விற்பது அவர் தொழில்.

கேட்கப்பட்டவர் ஜெசிந்தா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். பிறருடைய இணையதளங்கள் குடியிருக்கும் சர்வர் அறைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, ஆலாந்துறையில் நான்கு வரிசை வாழை வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். தம்மை ஆசான் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. தேடி வந்தவர்கள் சொன்னார்கள்.

அப்போது அவர், ஓட்டை விழுந்த ஹோஸ் குழாய்க்குப் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவிநாசியப்பன் தம் குறையை விரித்துரைத்தார். பதினோரு ஆண்டுகளாக அவருடைய கடையைத் தன் சர்வரில் வைத்திருந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. வந்தவர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள்: இனி ஐந்தாண்டுக்கு எங்களை விட்டுப் போவதில்லை என்று மாத முடிவுக்குள் ஒப்பந்தம் செய்ய வேண்டும், இல்லையேல் கடை மூடப்படும். போன தீபாவளி விற்பனையின்போது கடை இரண்டு நாள் திறக்கவே இல்லை. கேட்டதற்கு மன்னிப்புக் கடிதம் வந்தது, கடை வரவில்லை. ஆகவே வேறிடம் பார்க்க வேண்டும். இருபத்தாறு நாட்கள் இருந்தன.

சரக்கு அவர் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஷெட்டில் பத்திரமாக இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

கவலை, தளத்தில் இருந்ததைப் பற்றியது. ஆயிரத்து நூற்று நாற்பது பாகங்களின் அளவுகள் அங்கே இருந்தன. அவற்றில் பாதி, மூடிப்போன கம்பெனிகளின் கிரைண்டர்களுக்கு உரியவை. கோலாலம்பூரிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் உடைந்த துண்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். அவர் அளந்து, ஒப்பிட்டு, இன்ன கிரைண்டருக்கு இன்ன பாகம் என்று தீர்மானித்து, உடனே தளத்திலேயே பதிந்துவிடுவார். வேறெங்கும் எழுதியதில்லை. அந்த அளவுகள் போனால் ஷெட்டில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான்.

சொல்லி முடித்ததும் ஒரு தாளை நீட்டினார். கடைக்கு இடம் தரக்கூடிய பதினொரு நிறுவனங்கள், இருபத்து மூன்று கட்டங்கள். வேகம், இடம், தொலைபேசியை எடுக்க ஆகும் நேரம், எடுத்தவர் தமிழில் பேசுவாரா என்பது வரை அதில் இருந்தது.

ஜெசிந்தா அதை வாங்கிக் கிழித்தெறிந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அவ்வாறு சொல்வோர் அவரைப் பார்த்தவர்கள் அல்லர். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். ஏழாம் கட்டத்தில் இரண்டு நிறுவனங்கள் இடம் மாறியிருந்ததையும் சுட்டிக்காட்டினார்.

பிறகு சொன்னார்.

"கடைய அழிச்சுருங்கண்ணா."

"எதுக்குங்க?"

"சும்மா. கம்ப்யூட்டர் உள்ள மேசை மேல இருக்குது."

"மாட்டனுங்க."

பேக்கப் இல்லையா என்று ஜெசிந்தா கேட்டார். இருக்கிறது, அந்த நிறுவனமே தினந்தோறும் ஒரு நகல் எடுத்து வைக்கிறது என்று அவிநாசியப்பன் சொன்னார். அப்படியானால் அழிப்பதில் என்ன தடை என்று ஜெசிந்தா மறுபடி கேட்டார்.

அவிநாசியப்பனுக்கு முகம் சிவந்தது.

"கடைய வெக்கறதுக்கு எடங் கேட்டுத்தானுங்க வந்தேன். பொதைக்கறதுக்குக் கேக்கல."

தாளை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டார். ஜெசிந்தா தடுக்கவில்லை.

அவிநாசியப்பன் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தது பேருந்து நிறுத்தத்திலிருந்து என்று சிலரும், வாழைத் தோட்டத்து வேலியருகில் நின்று என்று சிலரும் சொல்கிறார்கள். பேச்சில் வேறுபாடு இல்லை.

நிறுவனத்தின் மேலாளர் மிகுந்த மரியாதையோடு பேசினார். நகல் இருக்கிறதா என்றதற்கு இருக்கிறது என்றார். நேற்றையது உண்டா என்றதற்கு, இன்று காலையிலேயே எடுத்தது உண்டு என்றார்.

"அதை எனக்கு அனுப்புங்க."

"உங்களுக்கு எதுக்கு சார்? எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

"என்ற கையில வேணுமுங்க."

அந்த நகலை அவர்களுடைய சர்வரில் மட்டுமே விரிக்க முடியும், வெளியில் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று மேலாளர் விளக்கினார். குரலில் ஒரு துளி இனிப்பும் குறையவில்லை.

"நீங்க எங்க சார் போயிடப் போறீங்க?"

அவிநாசியப்பன் திரும்பி நடந்தார். ஜெசிந்தா அதே குழாயின் அடுத்த ஓட்டைக்கு வந்திருந்தார்.

"குடுக்க மாட்டாங்களாமுங்க."

"அவங்க சேதிய விடுங்க. பட்டியல்ல இருக்கற பதினோரு பேருல யாருங்கண்ணா குடுப்பாங்க?"

அவிநாசியப்பன் தாளைப் பிரித்தார். இருபத்து மூன்று கட்டங்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

இன்னொரு கட்டம் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

"போட்டுக்கங்க. குடுக்கறோம்னு எழுதுனா நம்பிருவீங்களா?"

"எதச் சொன்னாலும் அடைக்கறீங்களே அம்மணி. வழி தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லிப்போடுங்க."

"தெரியலீங்க" என்றார் ஜெசிந்தா. எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார்.

குழாய் எங்கும் ஒழுகவில்லை.

அவிநாசியப்பன் வீடு வந்து சேரும்போது இன்னொரு செய்தி காத்திருந்தது. கடையின் உரிமையாளராக அவர் நுழையும் பக்கம் பூட்டப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வந்ததும் திறக்கப்படும் என்று ஒரு வரி. நகல் கேட்டவரை அவர்கள் மறக்கவில்லை.

அவருடைய மனைவி புஷ்பலதா நடந்ததையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பொண்ணு ஜாதகத்த நாலு ஜெராக்ஸ் எடுத்து நாலு எடத்துல வெச்சீங்க. சோறு போடற கடைய ஒரே ஒருத்தங்கிட்டக் குடுத்து வெச்சீங்க."

அவிநாசியப்பன் வெகுநேரம் அந்தப் பூட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை மூடிவிட்டு, வாங்க வருபவர்கள் வரும் வழியில் போனார். அது திறந்திருந்தது. விற்பனை நடக்க வேண்டுமே. அதைப் பூட்ட அவர்களுக்கு மாத முடிவு வரை மனமில்லை.

பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் தம் கடைக்குள் வாடிக்கையாளராக நுழைந்தார்.

முதல் பக்கம், ஓர் உருளைக் கல்லின் அச்சு. படத்தைத் தம் கணினியில் இறக்கினார். புஷ்பலதா அளவுகளை உரக்கப் படித்தார். அவர் தட்டச்சு செய்தார். இரண்டாம் பக்கம், ஒரு பெல்ட். மூன்றாம் பக்கம், மாவைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் பட்டை.

ஒருநாளுக்கு ஐம்பது பக்கம் என்று கணக்கு. சில நாள் அறுபது. ஐயம் தோன்றியவற்றை ஷெட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி அளந்தார். ஒன்பது அளவுகள் பிழையாக இருந்தன. ஒன்பதும் அவரே பதிந்தவை. வாஷர் பொருந்தவில்லை என்று எழுதிய சிங்கப்பூர்க்காரர் இத்தனை நாள் பொய் சொல்கிறார் என்று நினைத்திருந்தோமே என்று புஷ்பலதா கேட்டார். அவிநாசியப்பன் சிங்கப்பூருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். புதிய வாஷரும் அனுப்பினார்.

இடையில் மேலாளர் மும்முறை அழைத்தார். முதல்முறை சலுகை சொன்னார். இரண்டாம் முறை, தினமும் ஐம்பது, அறுபது பக்கம் புரட்டும் இந்த வாடிக்கையாளர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். எத்தனை பக்கம் பார்த்தாலும் வாங்காமல் போகிறவர்கள் எல்லாக் கடையிலும் உண்டு என்று அவிநாசியப்பன் சொன்னார். மூன்றாம் முறை மேலாளர் பேச்சில் 'சார்' இல்லை.

இருபத்திரண்டு நாட்களில் வேலை முடிந்தது. மூன்று நகல்கள் எடுத்தார்கள். ஒன்று ஷெட்டில், ஒன்று மகள் வீட்டில், ஒன்று அவருடைய சட்டைப் பையில். பிறகு மகள் வீட்டுக் கணினியில், அங்கே வைத்த நகலை மட்டும் கொண்டு, கடை முழுவதையும் ஒருமுறை விரித்துப் பார்த்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது பாகங்களும் வந்து நின்றன.

மாதத்தின் கடைசி நாள் காலையில் அவிநாசியப்பன் ஆலாந்துறைக்குப் போனார்.

ஜெசிந்தா வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்து, வாருங்கள் என்று தலையசைத்தார். அவர் வரப்பில் உட்கார்ந்தார்.

போன் ஒலித்தது. எடுத்தவர், ஜெசிந்தாவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டுத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்." 'சார்' திரும்ப வந்திருந்தது. "கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. பதினோரு வருஷக் கடை. நாளைக்கு இருக்காது."

"இருக்குமுங்க. உங்ககிட்ட இருக்காது."

மறுமுனையில் மேலாளர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"வேற எங்க போனாலும் இதே கதைதான் சார். அங்கேயும் ஒருநாள் இதே காகிதத்தத்தான் நீட்டுவாங்க."

"நீட்டட்டுங்க. அன்னிக்கு அங்கிருந்தும் போவேன்."

மேலாளர், அப்படியானால் ஐந்து மணிக்கு மூடிவிடலாமா என்று கேட்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் எதுக்குங்க காத்துட்டு?" என்றார் அவிநாசியப்பன். "இப்பவே மூடிக்கங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டார்.

ஜெசிந்தா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"அந்தப் பதினோரு பேருல யாருங்கண்ணா?"

"இன்னும் பாக்கலீங்க அம்மணி" என்றார் அவிநாசியப்பன். "என்ன அவசரம்?"